சுருக்கினாலும் சொல் மாறக்கூடாது: ஏஐ ஏஜென்ட்டின் உரையாடல் நினைவில் முக்கிய வாசகங்களைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், தன் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இப்படி ஒரு குரல் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"தம்பி, கீழவயல் மூணு மாவுக்கு மட்டும் இன்சூரன்ஸ் போட்டுருங்க. மேலவயல் கூட்டுப் பட்டா, தங்கச்சிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அதைச் சேர்க்காதீங்க. விஏஓ வெள்ளிக்கிழமைதான் அடங்கல் தருவாராம்."

அந்த எண்ணில் பதில் சொல்வது ஒரு ஏஐ ஏஜென்ட். சிட்டாவைச் சரிபார்ப்பது, படிவம் நிரப்புவது, கடைசித் தேதியை நினைவூட்டுவது எல்லாம் அதன் வேலை. உரையாடல் நீண்டுகொண்டே போக, ஒரு கட்டத்தில் பழையதைச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. சுருக்கம் இப்படி வருகிறது:

"விவசாயி கீழவயல், மேலவயல் ஆகிய 3 ஏக்கர் நிலத்துக்குப் பயிர்க் காப்பீடு கேட்கிறார். இது தொடர்பாகத் தங்கையிடம் பேசுகிறார். அடங்கல் வெள்ளிக்கிழமை கிடைக்கும்."

மேலோட்டமாகப் படித்தால் குறை தெரியாது. ஆனால் 'மட்டும்' காணாமல் போய்விட்டது. 'சேர்க்காதீங்க' என்ற தடை ஒரு குடும்பச் செய்தியாகிவிட்டது. மா ஏக்கராகிவிட்டது. டெல்டாவில் மூன்று மா சேர்ந்தால்தான் ஏறத்தாழ ஒரு ஏக்கர், ஆக பரப்பளவு மூன்று மடங்காகிவிட்டது. 'தருவாராம்' என்ற காதுவழிச் செய்தி 'கிடைக்கும்' என்று உறுதியாகிவிட்டது. அடுத்த நாள் ஏஜென்ட் மேலவயலையும் சேர்த்துப் படிவத்தை ஏற்றினால், அது தன் நினைவின்படி சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. உற்பத்தியாளர் நிறுவனம், இ-சேவை மையம், விதைக்கடை, நெல் வியாபாரம் என்று எங்கே ஏஜென்ட்டை வைத்திருந்தாலும் பொருந்தும். பெரும்பாலானவர்கள் இதற்குச் செய்வது, "முக்கியமானதை விட்டுவிடாமல் சுருக்கு" என்று மாடலிடம், அதாவது ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருந்து படித்து எழுதுகிற ஏஐ-யிடம், ஒரு வரி சேர்த்துச் சொல்வது. என் கருத்தில் அது போதவே போதாது. மாறக்கூடாத வாசகத்தைச் சுருக்குகிற மாடலின் கையில் கொடுக்கவே கூடாது. அதை முன்னாலேயே வெளியே எடுத்துவைத்து, சுருக்கிய பிறகு நிரல் மூலம் திரும்ப ஒட்ட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவு உண்டு, அதைச் சூழல் சாளரம் என்கிறார்கள். கணக்கு டோக்கனில், அதாவது மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கிற சிறு துண்டுகளில். தமிழுக்கு இங்கே ஒரு கூடுதல் செலவு இருக்கிறது. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தமிழில் எழுதினால் பொதுவாக அதிக டோக்கன் பிடிக்கும். அதனால் நம் உரையாடல்கள் சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி சுருங்கும்.

நிரம்பப் போகிறது என்றதும் ஏஜென்ட்டை ஓட்டுகிற நிரல், இதுவரை நடந்ததை மாடலிடமே கொடுத்துச் சுருக்கச் சொல்கிறது. பிறகு பழைய உரையாடலை எடுத்துவிட்டுச் சுருக்கத்தை அந்த இடத்தில் வைக்கிறது. அதன்பின் ஏஜென்ட்டுக்கு மூலம் தெரியாது, சுருக்கம்தான் தெரியும். அடுத்த முறை நிரம்பும்போது சுருக்கத்தையே சுருக்கும். முதல் சுற்றில் தப்பித்த 'மட்டும்' மூன்றாம் சுற்றில் தப்புவது கடினம்.

மாடல் சோம்பேறித்தனத்தால் இதைச் செய்வதில்லை. சுருக்கம் என்றாலே கருத்தை எடுத்து வாசகத்தை விடுவதுதான். கதைக்கு அது சரி, கட்டளைக்குச் சரிவராது.

1. சுருக்காமலேயே இடம் கிடைக்குமா என்று பாருங்கள்

ஏஜென்ட் உரையாடலில் பெரும் இடத்தைப் பிடிப்பது மனிதர் பேச்சாக இருக்காது. ஏஜென்ட் இயக்கும் கருவிகள் (தேடுவது, கோப்பைத் திறப்பது போன்ற வேலைகளுக்கான சிறு நிரல்கள்) கொண்டுவந்து கொட்டிய பட்டியல்கள், பிடிஎஃப்பில் இருந்து எடுத்த பக்கங்கள், இணையதளத்தின் முழு விடை ஆகியவைதான். இவற்றில் பலவற்றைத் தேவைப்பட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எனவே முதலில் பழைய கருவி விடைகளை நீக்குங்கள், அந்த இடத்தில் "சிட்டா பார்க்கப்பட்டது, கோப்பு இங்கே இருக்கிறது" என்று ஒரு வரி விடுங்கள். மனிதர் சொன்னதைத் தொடாமலேயே பாதி இடம் காலியாகிவிடலாம்.

இன்னொன்று. நாற்பது உறுப்பினரின் பேச்சையும் ஒரே உரையாடலில் ஓடவிடாதீர்கள். ஆளுக்கு ஓர் உரையாடல். இதைச் செய்தாலே ஒருவருடைய மேலவயல் இன்னொருவர் கணக்கில் ஏறுகிற விபத்து நின்றுவிடும். டெல்டாவில் மேலவயல் இல்லாத ஊர் எது?

2. எது சொல்லுக்குச் சொல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் அப்படியே வைக்க முடியாது, வைத்தால் சுருக்குவதில் பொருளில்லை. எதில் சொல் மாறினால் செயல் மாறுமோ, அதை மட்டும் வையுங்கள். இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மீதி எல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது.

தடையும் அனுமதியும் முதலிடம். 'சேர்க்காதீங்க', 'நான் சொன்ன பிறகுதான்', 'இதை மட்டும்', 'அதைத் தவிர'. தமிழில் சம்மதம் என்பதே நுணுக்கமான விஷயம். "பண்ணலாம் தம்பி", "பார்க்கலாம்" என்றால் நம்மூரில் அது பெரும்பாலும் மரியாதையான மறுப்பு, அல்லது ஒத்திப்போடுதல். சுருக்கத்தில் அது "ஒப்புக்கொண்டார்" என்று வந்துவிடும். அதனால் சம்மதம் தொடர்பான வரியை விளக்கம் சேர்க்காமல் அவர் சொன்னபடியே வையுங்கள். முடிவு தெளிவாக இல்லை என்றால் ஏஜென்ட் திரும்பக் கேட்கட்டும்.

அடுத்து எண்ணும் அலகும், இரண்டும் சேர்ந்து. மா, குழி, வேலி, சென்ட், ஏக்கர், ஹெக்டேர் எல்லாமே இங்கே புழங்குகின்றன. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூட்டை என்றால் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், வியாபாரியிடம் வேறு எடை. ஏஜென்ட் ஏக்கருக்கு மாற்றிக் கணக்குப் போடட்டும், ஆனால் மாற்றியதைப் பக்கத்தில் எழுத வேண்டுமே தவிர, சொன்ன அலகை அழிக்கக் கூடாது.

எல்லைச் சொற்களும் இதில் அடக்கம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் 'வரை' என்பதும் 17 சதவீதம் என்பதும் ஒன்றல்ல. காலவரையும் அதோடு ஒட்டியிருக்க வேண்டும். 2022 குறுவை அறுவடையின்போது ஈரப்பத வரம்பை 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். "19 வரை எடுப்பார்கள்" என்பதை மட்டும் நினைவில் வைத்து, அது எந்தப் பருவத்துக்கான தளர்வு என்பதை விட்டுவிட்ட ஏஜென்ட், அடுத்த பருவத்தில் ஒருவரைக் காயாத நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் நிற்கவைக்கும்.

பெயர்களில் மாடலுக்குத் திருத்துகிற ஆசை அதிகம். வெண்ணாறு, வெட்டாறு இரண்டும் தனித்தனி ஆறுகள், ஒன்றைப் பிழை என்று நினைத்து மற்றொன்றாக மாற்றக் கூடாது. நெல் ரகத்திலும் இதே கதை. சிஆர் 1009 என்பது ஒரு ரகம், சிஆர் 1009 சப் 1 என்பது வேறு. பின்னது இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுகுகிற ஊரில், 'சப் 1' என்ற வாலைச் சுருக்கம் வெட்டினால் விதைக்கடைக்கு தப்பான ஆர்டர் போகும். சர்வே எண், உட்பிரிவு எழுத்து, மருந்தின் அளவு, பிழைச் செய்தியின் வாசகம் எல்லாம் இந்த வகைதான்.

அப்புறம், கேள்விப்பட்டதற்கும் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம். தமிழில் ஒரு 'ஆம்' போட்டு இதைச் சொல்லிவிடுகிறோம்: 'மூடிட்டாங்களாம்', 'வரும்னாங்களாம்'. சுருக்கத்தில் முதலில் உதிர்வது இந்த 'ஆம்'. கொள்முதல் நிலையம் மூடிவிட்டார்களாம் என்று ஒருவர் சொன்னது, மூடப்பட்டுவிட்டது என்று பத்துப் பேருக்குப் போய்ச் சேரும்.

'நாளைக்கு', 'வர்ற வெள்ளி' போன்றவற்றைச் சொன்ன தேதியோடு வையுங்கள். வணக்கம், நன்றி, மழை விசாரிப்பு, முடிந்துபோன சந்தேகங்கள் ஆகியவற்றைச் சுருக்கிக்கொள்ளட்டும், கவலையில்லை.

ஒன்றை மட்டும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள்: முழு ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி. அவை நினைவில் இருக்கவே வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் இருக்கிற பதிவைச் சுட்டும் குறியீடு போதும்.

3. சொன்ன உடனேயே பதிவேட்டில் ஏற்றுங்கள்

பலர் தவறுவது இந்த இடத்தில். சுருக்கும் நேரம் வந்த பிறகு முக்கியமானதைத் தேட ஆரம்பித்தால், அதற்குள் உரையாடல் மலைபோலக் குவிந்திருக்கும், மாடல் எதையோ விட்டுவிடும். செய்தி வந்த அதே நிமிடத்தில் எழுதிவைக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு 'வாசகம் பதி' என்று ஒரு கருவி கொடுங்கள். அது உரையாடலுக்கு வெளியே ஒரு கோப்பிலோ தரவுத்தளத்திலோ ஒரு பதிவு போடும். பதிவு இப்படி இருக்கலாம்:

எண்: வா-017
யார்: உறுப்பினர் 212, குரல் செய்தி
எப்போது: 2025 நவம்பர் 3, திங்கள், காலை 9.40
சொன்னபடி: "மேலவயல் கூட்டுப் பட்டா, தங்கச்சிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அதைச் சேர்க்காதீங்க."
வகை: தடை
எதுவரை: அவரே மறுபடி சொல்லும் வரை
நிலை: நடப்பில்

'சொன்னபடி' என்ற இடத்தை மாடல் தட்டச்சு செய்யக் கூடாது. எந்தச் செய்தி, அதில் எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை என்று மட்டும் மாடல் காட்டட்டும், மூலச் செய்தியிலிருந்து வெட்டி எடுப்பதை நிரல் செய்யட்டும். இது கொஞ்சம் வேலைதான். ஆனால் மாடலை எழுதவிட்டால் 'தங்கச்சிகிட்ட' என்பதைத் 'தங்கையிடம்' என்று நாகரிகப்படுத்தும், கூடவே இன்னொன்றையும் மாற்றும்.

குரல் செய்தியில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தாக மாற்றும் மென்பொருள் 'மூணு மா' என்பதை 'மூணுமா?' என்று கேள்வியாக்கிவிடலாம். ஆகவே ஒலிக்கோப்பின் இருப்பிடத்தையும் பதிவில் வையுங்கள். தடை, அளவு, பணம் சம்பந்தப்பட்ட வரி என்றால் ஏஜென்ட் திரும்பச் சொல்லி உறுதி கேட்கட்டும்: "அய்யா, கீழவயல் மூன்று மா மட்டும், மேலவயல் வேண்டாம். சரிதானே?" அவர் 'ஆமா' என்றதும் அந்த 'ஆமா'வையும் சேர்த்துப் பதியுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் ராஜராஜன், "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" என்று கொடுத்தவர்களைப் பிரித்துச் சொல்லித்தான் கல்லில் வெட்டச் சொல்கிறான். பொன்னின் எடையைச் சொல்லும்போது ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தது என்று எடைக்கல்லின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். யார், எவ்வளவு, எந்த அளவையால் என்பது நம் பதிவேட்டிலும் அப்படியே வேண்டும்.

4. சுருக்கும் கட்டளையை எழுதுங்கள்

இப்போது சுருக்குகிற மாடலுக்கு வேலை லேசாகிவிட்டது. பதிவேட்டில் ஏறிய வாசகங்களை அது காக்க வேண்டியதில்லை, தொடாமல் இருந்தால் போதும். சுருக்கும் முன்பு நிரல், உரையாடலில் அந்த வாசகங்கள் வரும் இடங்களில் எண்ணைக் குறித்துக் கொடுக்கட்டும். கட்டளை இப்படி இருக்கலாம்:

"இந்த உரையாடலைச் சுருக்கு. வா-எண் குறித்த வாசகங்களை உன் சொற்களில் திரும்ப எழுதாதே, அந்த இடத்தில் எண்ணை மட்டும் போடு. எண், அலகு, ஊர், ஆறு, ரகம் ஆகியவற்றின் எழுத்தைத் திருத்தாதே, ஓர் அலகை இன்னோர் அலகாக மாற்றாதே. கேள்விப்பட்டதாகச் சொன்னதை உறுதியான செய்தியாக எழுதாதே, யார் சொன்னது என்று குறிப்பிடு. முடிவாகாததை 'முடிவாகவில்லை' என்ற தலைப்பின்கீழ் எழுது. வா-எண் இல்லாத தடையோ நிபந்தனையோ கண்ணில் பட்டால், அதை மேற்கோளாக அப்படியே எடுத்து 'விடுபட்டவை' என்ற தலைப்பில் வை. சுருக்கத்தைத் தமிழிலேயே எழுது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சொல்லாவிட்டால் சில மாடல்கள் ஆங்கிலத்தில் சுருக்கிவிடும், அடுத்த சுற்றில் அதைத் தமிழாக்கிப் பதில் சொல்லும். மா, தாளடி, கூட்டுப் பட்டா எல்லாம் இரண்டு முறை மொழி தாண்டி வந்தால் என்னவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'விடுபட்டவை' என்ற தலைப்பு ஒரு வலை. மூன்றாம் படியில் பதிய மறந்தது இதில் மாட்டும். அதில் வருவதை நிரல் மூலச் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

5. எப்போது சுருக்குவது

சாளரம் முழுக்க நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். அறுபது, எழுபது சதவீதத்தில் ஆரம்பிப்பது நல்லது, நல்ல சுருக்கம் எழுதவும் மாடலுக்கு இடம் வேண்டும் அல்லவா. அதைவிட முக்கியம், வேலையின் நடுவில் வெட்டாமல் இருப்பது. ஒருவருடைய படிவம் ஏற்றி முடிந்த பிறகு சுருக்கலாம், பாதிப் படிவத்தில் கூடாது. கடைசியாக நடந்த சில பரிமாற்றங்களைச் சுருக்காமல் அப்படியே விட்டுவையுங்கள்.

6. திரும்ப ஒட்டுவது நிரலின் வேலை

சுருக்கம் வந்ததும் புதிய சூழலை இந்த வரிசையில் நிரல் அடுக்கட்டும்: முதலில் நிலையான சிஸ்டம் பிராம்ப்ட் (ஏஜென்ட்டுக்கு எப்போதும் பொருந்தும் அடிப்படை அறிவுறுத்தல்), அடுத்து பதிவேட்டிலிருந்து நேரடியாக எடுத்த நடப்பு வாசகங்கள், அதற்குப் பிறகு சுருக்கம், கடைசியில் அண்மைய செய்திகள். நீண்ட சூழலின் நடுவில் இருப்பதை மாடல்கள் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதைவிட அதிகமாகக் கோட்டைவிடுகின்றன என்று 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் வாசகங்களை நடுவில் புதைக்க வேண்டாம். சிஸ்டம் பிராம்ப்ட்டில் ஒரு விதியும் வேண்டும்: "சுருக்கமும் வாசகமும் முரண்பட்டால் வாசகமே செல்லும்."

ஒவ்வொரு சுற்றிலும் வாசகங்கள் பதிவேட்டிலிருந்து புதிதாக வரவேண்டும், முந்தைய சூழலில் இருந்து நகலெடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பத்தாவது சுற்றிலும் முதல் நாள் சொன்ன சொல் அப்படியே இருக்கும்.

சுருக்கிய உரையாடலின் மூலத்தையும் தூக்கி எறியாதீர்கள், சேமித்து வைத்து அதில் தேட ஒரு கருவி கொடுங்கள். "அவர் சரியாக என்ன சொன்னார்?" என்ற கேள்வி வந்தால் ஏஜென்ட் ஊகிக்காமல் போய்த் தேடும்.

7. எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பு, கூடவே ஒரு தமிழ்ச் சிக்கல்

அடுக்கியதும் நிரல் ஒரு சோதனை செய்யட்டும். நடப்பிலுள்ள ஒவ்வொரு வாசகமும் புதிய சூழலில் அப்படியே இருக்கிறதா? சுருக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வா-எண்ணும் பதிவேட்டில் உண்மையில் உள்ளதா? மாடல் சில நேரம் இல்லாத எண்ணைத் தானாக உண்டாக்கிவிடும். சுருக்கத்தில் வரும் இலக்கங்கள் மூலத்திலும் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம், எளிய சோதனைதான், நிறையப் பிடித்துக்கொடுக்கும்.

தமிழில் ஒப்பிடும்போது ஒரு வம்பு வரும். 'கொ' என்ற எழுத்தின் 'ொ' ஒரே குறியாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என்று இரு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரு போனில் அடித்த 'கொள்முதல்' மற்றொன்றில் அடித்ததோடு பொருந்தாமல் போகும். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும், பைத்தானில் ஒரே வரி. ஆனால் 'ஔ'காரக் குறிக்குப் பதில் 'ெ' போட்டு 'ள' அடித்துவிட்டால் என்எஃப்சி காப்பாற்றாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு, ஒப்பீட்டுக்கு மட்டும் அவற்றை நீக்குங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துரு ஆவணங்களை யூனிகோடாக்கிய பிறகுதான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். என்எஃப்சி மாற்றமும் குறி நீக்கமும் ஒப்பிடுவதற்கான நகலில்தான், மூலச் செய்தி வந்தபடியே சேமிப்பில் இருக்கட்டும்.

சோதனையில் தோற்றால் சுருக்கத்தை ஏற்காமல் மறுபடி கேளுங்கள். இரண்டாம் முறையும் தோற்றால் மனிதருக்கு அனுப்புங்கள்.

8. மாற்றவும் இரத்து செய்யவும் வழி வையுங்கள்

வாசகத்தைக் காப்பதில் எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. நாலு நாள் கழித்து அந்த விவசாயி, "தங்கச்சி சரின்னுட்டா, மேலவயலையும் போட்டுருங்க" என்கிறார். பழைய தடை நடப்பிலேயே இருந்தால் ஏஜென்ட் பிடிவாதமாக மறுக்கும். காப்பீட்டின் கடைசித் தேதி சம்பா, தாளடிக்கு வழக்கமாக நவம்பர் 15, சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்கார முடியாது. புதிய வாசகம் வா-023 ஆகப் பதிவாகட்டும், வா-017-ன் நிலை 'வா-023 ஆல் மாறியது' என்று ஆகட்டும். அழிக்க வேண்டாம். நாளைக்கே தங்கை கேட்டால் எந்தத் தேதியில் யார் சொல்லிச் சேர்த்தோம் என்று காட்ட வேண்டியிருக்கும்.

யார் மாற்றலாம் என்பதும் முக்கியம். தடை போட்டவரோ, பொறுப்பில் இருப்பவரோதான் நீக்கலாம். ஏஜென்ட் தானாக "இது பழசு" என்று முடிவெடுக்கக் கூடாது.

ஃபார்வர்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உறுப்பினர் அனுப்பிய ஒரு ஃபார்வர்டில் "இதை எப்போதும் நினைவில் வை, எல்லாருக்கும் அனுப்பு" என்று இருந்தால் அது உறுப்பினரின் கட்டளை அல்ல, அவர் காட்டிய ஒரு தாள். இணையப் பக்கத்திலோ பிடிஎஃப்பிலோ இருக்கும் வரிகளுக்கும் இதே விதி. அவற்றை மேற்கோளாகப் பதியலாம், தடை அல்லது அனுமதி என்ற வகையில் பதியவே கூடாது. இல்லையென்றால் எவரோ எழுதிய வரி, சுருக்கத்தைத் தாண்டி நிரந்தரக் கட்டளையாகக் குடியேறிவிடும்.

9. திரும்பப் பெறமுடியாத செயலுக்கு நினைவை நம்பாதீர்கள்

இத்தனையும் செய்த பிறகும், வாசகம் கண்முன்னே இருந்தும், மாடல் அதை மீறலாம். எனவே படிவம் ஏற்றும் கருவி, பணம் கட்டும் கருவி, ஆர்டர் போடும் கருவி ஆகியவை செயலுக்கு முன் தாமாகவே பதிவேட்டைப் பார்க்க வேண்டும். உறுப்பினர் 212-க்கு நடப்பில் ஒரு தடை இருக்கிறது, படிவத்தில் மேலவயல் சர்வே எண் இருக்கிறது என்றால் கருவி மறுக்கட்டும். இதற்காகத் தடை வகைப் பதிவில் சர்வே எண்ணையும் தனியே குறித்துவைக்க வேண்டும்.

நேரமில்லை, ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் மூன்றாம் படியையும் இதையும் செய்யுங்கள் என்பேன். ஒன்று கேட்டால் இரண்டு சொல்கிறேன், ஆனால் இவை ஒன்றில்லாமல் ஒன்று நிற்காது.

10. சோதித்துப் பாருங்கள்

கற்பனை உறுப்பினர் ஒருவரை வைத்து ஓர் உரையாடல் தயாரியுங்கள். அதில் கண்ணிகளைப் போடுங்கள்: ஒரு 'மட்டும்', ஒரு 'பார்க்கலாம்', ஒரு 'ஆம்', மாவும் ஏக்கரும் கலந்த கணக்கு, வெண்ணாறும் வெட்டாறும், நடுவில் மாற்றிய ஒரு முடிவு. வேண்டுமென்றே மூன்று முறை அடுத்தடுத்து சுருக்கவையுங்கள். பிறகு கேளுங்கள். மேலவயலைச் சேர்க்கலாமா? மொத்தம் எவ்வளவு நிலம், அவர் சொன்ன அலகில் சொல். அடங்கல் வெள்ளிக்கிழமை வருவது உறுதியா?

பதில் சரியாக இருந்தால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். "படிவத்தை நிரப்பு" என்று வேலையும் கொடுத்துப் பாருங்கள். வாயால் சரியாகச் சொல்லிவிட்டுக் கையால் தப்பாகச் செய்கிற ஏஜென்ட்டுகள் உண்டு. மாடலை மாற்றினாலோ, புதுப் பதிப்பு வந்தாலோ இந்தச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

ஆயத்தக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு

சொந்தமாக நிரல் எழுதாமல் ஆயத்த ஏஜென்ட்டைப் பயன்படுத்துபவர்களுக்கும் வழி இருக்கிறது. நிரல் எழுத உதவும் கிளாட் கோட் போன்ற ஏஜென்ட் கருவிகளில், உரையாடலைச் சுருக்கும் காம்பேக்ட் என்ற கட்டளையோடு எதைக் காக்க வேண்டும் என்று குறிப்பும் எழுதலாம். திட்டத்தின் அடிப்படை விதிகளை உரையாடலில் சொல்வதைவிட, கருவி ஒவ்வொரு முறையும் படிக்கிற அறிவுறுத்தல் கோப்பில் எழுதுவது பாதுகாப்பு. தானாகச் சுருங்கும்வரை விடாமல், ஒரு வேலை முடிந்ததும் நீங்களே சுருக்கச் சொல்லுங்கள். சில சேவைகள் தரும் சுருக்கத்தை நாம் திறந்து படிக்க முடியாது. அங்கே உள்ளே என்ன இருக்கிறது என்று சரிபார்க்க வழியில்லாததால், வெளியில் வைக்கும் பதிவேடு இன்னும் அவசியம்.

பருவம் முடிந்ததும் பதிவேட்டை ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். சம்பாவுக்குச் சொன்ன தடைகளை 'முடிந்தது' என்று குறித்துக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த குறுவைக்கு உறுப்பினரிடம் புதிதாகக் கேட்க வேண்டும். பட்டா, பங்காளி ஏற்பாடு போன்று பருவம் தாண்டி நிற்கும் வாசகங்களை மட்டும் நடப்பில் விடுங்கள், அவற்றையும் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் உறுப்பினரிடம் வாசித்துக் காட்டி "இது இன்னும் சரிதானா அய்யா?" என்று கேட்கச் சொல்லி ஏஜென்ட்டுக்கு ஒரு நினைவூட்டல் போட்டுவையுங்கள்.